தடிமனும் தொய்வும்

"வெறுந் தடிமன்தானே, இரண்டு நாளில் மாறிவிடும்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். ஆஸ்மா எனப்படும் தொய்வு நோயுள்ளவர் வாழும் வீட்டில் அச்சொல்லுக்கு இடமில்லை. தூசிக்கும் பனிக்கும் பூனை மயிருக்கும் அஞ்சும் தாய்மார், தும்மியவாறு பள்ளியினின்றும் வரும் இளைய பிள்ளையைப் பொருட்படுத்துவதில்லை.

இங்கிலாந்தின் சவுதம்டன் நகர்ப்புறத்தில் 9 முதல் 11 வயது வரையுள்ள 108 சிறுவரைப் 13 மாதங்கள் கவனித்து, 1995ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்களுக்கு இழுப்பு உண்டான வேளைகளில் நூற்றுக்கு எண்பதில் ஏதேனுமொரு வைரசு காணப்பட்டது. அவற்றுட் பெரும்பங்கு, சாதாரண தடிமனை விளைக்கும் றைனோ வைரசே. 1956இல் அறியப்பட்ட இக்கிருமியில் நூற்றறுபதுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. தடிமன் திரும்பத் திரும்ப வருவதற்கும், அதற்குத் தடுப்பூசி வாய்க்காமைக்கும் அதுவே காரணம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் கோடை விடுமுறை கழிந்து பள்ளிகள் திறக்கும் செப்டெம்பரில், தொய்வுற்ற சிறுவர் ஆஸ்பத்திரிகளிற் பெருகுகின்றனர்.

ஒருவருக்கு மூக்கோடு நின்றுவிடும் தடிமன் மற்றொருவருக்கு நெஞ்சில் இறங்குவதேன்? வைரசு புகுந்த உயிரணு, அயலிலுள்ள உயிரணுக்களை எச்சரிக்க இன்ரபெரோன் என்னும் பொருளைச் சுரக்கிறது. இதனை 1957இல் இலண்டனிற் கண்டறிந்தனர். தொய்வுற்றோர் சிலரின் மூச்சுக்குழாய் அணுக்கள் இதனைக் குறைவாகவும் தாமதமாகவும் சுரப்பதைச் சில சோதனைகள் காட்டியுள்ளன. எச்சரிக்கை பிந்தவே கிருமி பெருகுகிறது. முன்னரே அழற்சியுற்றிருந்த குழாய் மேலும் வீங்குகிறது, சளி திரளுகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. ஒவ்வாத தூசியும் அதே வாரத்திற் சேர்ந்துவிட்டால் துன்பம் இரட்டிக்கும்.

கொத்தமல்லிக் குடிநீர் தொண்டைக்கு இதமளிக்கும். குழாயின் வீக்கத்தை வற்றச் செய்யாது. பக்ரீரியாவைக் கொல்லும் மாத்திரைகளும் வைரசை ஒன்றும் செய்யா. வைத்தியர் நாள்தோறும் உள்ளிழுக்கத் தந்த தடுப்பு மருந்தை, சுகமாயிருக்கும் நாளிலும் விடாதிருத்தலே பெருங்காவல். அழற்சி தணிந்த குழாயிலே தடிமன் வந்தாலும் அத்துணை கொடுமை செய்யாது. ஆனால் மூச்சுச் சீரானதும் அதனை நிறுத்திவிடுவோரே பலர். "குழல் மருந்திற் பழகினால் விடமுடியாது" என்பது வீண் அச்சம். பெண்பிள்ளை அதனைப் பள்ளிக்குக் கொண்டு சென்றால் ஊரார் அறிவரே என்று ஒளிக்கும் பெற்றோரும் உளர். ஊரார் வாய்க்கு அஞ்சிப் பிள்ளையின் மூச்சைப் பணயம் வைப்பதோ?

தடிமன் தொடங்கிய அன்றே, வைத்தியர் முன்னர் எழுதித் தந்த ஒழுங்கைக் கைக்கொள்ளல் நன்று. ஒரு வசனத்தை முடிக்க இயலாத திணறல், உதடு நீலம் பாரித்தல், மூச்சைத் தளர்த்தும் குழல் மருந்தினாலும் ஆறுதல் காணாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், விடியும்வரை காத்திராது நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.