கைசரின் பள்ளித் தோழர் பதவி இழந்தது ஏன்?

முதல் உலகப் போர்க்காலத்தில் பிரஷ்யாவின் போர் அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் எல்லோருமே ராணுவத் தளபதிகள். அவர்களில் ஒருவரான அடால்ஃப் வில்ட் ஃபான் ஹோஹன்போர்ன், ஜெர்மன் பேரரசரான கைசர் இரண்டாம் வில்ஹெல்முடன் காசல் நகரில் ஒரே பள்ளியில் படித்தவர். அந்த நட்பும் அவரைக் காப்பாற்றவில்லை.

அந்தப் பதவியின் அமைப்பே சிக்கலானது. ஜெர்மன் பேரரசுக்கென்று தனிப் போர் அமைச்சர் கிடையாது. பிரஷ்ய அமைச்சரே நாடாளுமன்றத்தில் படைச் செலவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆளும் ஆயுதமும் திரட்டித் தருவது அவர் வேலை. போரை நடத்துவதோ படைத் தலைமையகம். அதிகாரிகளின் நியமனத்தைக் கவனித்தது கைசரின் ராணுவச் செயலகம்.

1914 செப்டம்பரில் மார்ன் போர் தோல்விக்குப் பின், அமைச்சராக இருந்த ஃபால்கன்ஹைனே படைத் தலைமையையும் ஏற்றார். இரு பதவிகளும் ஒருவரிடம் இருப்பதற்கு எதிர்ப்பு வலுத்ததால், 1915 ஜனவரியில் அமைச்சர் பதவி வில்டுக்கு வந்தது. அவரோ பெர்லினில் இருந்ததைவிட போர்முனைத் தலைமையகத்தில் இருந்ததே அதிகம். அன்றாட நிர்வாகத்தைத் துணை அமைச்சர் பார்த்துக்கொண்டார்.

வெர்டூனில் முற்றுகை இழுபறியானது. சோம்மில் நேச நாடுகள் தாக்கின. 1916 ஆகஸ்ட் இறுதியில் ஃபால்கன்ஹைன் நீக்கப்பட்டு, தளபதிகள் ஹின்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் படைத் தலைமைக்கு வந்தார்கள். அடுத்த வசந்தத்துக்குள் குண்டு உற்பத்தி இரு மடங்காகவும், பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் மூன்று மடங்காகவும் வேண்டும் என்றார்கள். அமைச்சகத்தின் கணக்கு வேறு: வெடிமருந்து எவ்வளவு கிடைக்குமோ, அதற்கேற்பத்தான் மற்றவை. இந்த நிதானம் புதிய தலைமைக்குச் சோம்பலாகப் பட்டது. தொழிலதிபர்களின் புகார்களும் சேர்ந்துகொள்ள, அக்டோபர் இறுதியில் வில்ட் நீக்கப்பட்டார். ஹெர்மன் ஃபான் ஷ்டைன் அமைச்சரானார்.

வில்டின் பெயர் இன்று அதிகம் பேசப்படுவது இன்னொரு காரணத்துக்காக. யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் ஒதுங்குகிறார்கள் என்ற வதந்தியைக் காரணம் காட்டி, படையிலுள்ள யூதர்களைக் கணக்கெடுக்கும் ஆணையை 1916 அக்டோபர் 11 அன்று அவரது அமைச்சகம் பிறப்பித்தது. கணக்கெடுப்பின் முடிவைப் போர் முடியும்வரை வெளியிடவே இல்லை. அந்த மௌனம் வதந்திக்கே தீனி போட்டது. ஜெர்மனிக்காகப் போரிட்டு மாண்ட யூதர்கள் சுமார் 12,000 பேர்.

உற்பத்தி விஷயத்தில் வில்டின் அமைச்சகம் பயந்ததே நடந்தது. நிலக்கரியும் ரயில் வண்டியும் போதாமல், 1917 தொடக்கத்தில் பல ஆலைகளின் கட்டுமானம் பாதியில் நின்றது.

போருக்குப் பின் குடியரசு வந்தது. பிரஷ்ய அமைச்சகம் கலைக்கப்பட்டு, நாடு முழுவதற்குமான படைத்துறை அமைச்சகம் உருவானது. 1916-ல் ஆயுத உற்பத்தியை மேற்பார்வையிட நியமிக்கப்பட்ட தளபதி குரோனர், 1928-ல் அதன் அமைச்சரானார். 1932 மே மாதம் அவர் விலக நேர்ந்ததற்கும் காரணம், தளபதிகள் அவரைக் கைவிட்டதுதான். ஆட்சிமுறை மாறியும், படைத்துறை அமைச்சரின் ஆயுளை முடிவுசெய்யும் சக்தி தளபதிகளிடமே இருந்தது.