'ஒண்ணுமில்லடா' என்றொரு பொய்

எங்கள் ஹாஸ்டலில் ஒரு நண்பன். லேத்தில் அவன் கடைந்த ஜாபை ஆசிரியரே மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். மூன்றாவது செமஸ்டரில் ஆளே மாறிப் போனான். மெஸ்ஸுக்கு வருவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லடா!" நாங்களும் 'காதல் தோல்வியா மாப்ளே?' என்று கிண்டலடித்துவிட்டு நகர்ந்தோம். பல வாரம் கழித்து அவனே வாய் திறந்தான். "எல்லாரும் சமாளிக்கிறாங்க. நான்தான் உதவாக்கரை. டாக்டர்ட்ட போனா பைத்தியம்னு பேர் வரும்."

நண்பர்களே, அவன் பேச்சில் இரண்டு சுமை இருந்தது. ஒன்று மனச்சோர்வு. மற்றொன்று, அது வந்ததற்காகத் தன்னையே இழிவாக நினைத்தது.

மனச்சோர்வு என்றால்?

மார்க் குறைந்தால் வரும் இரண்டு நாள் வருத்தம் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், களைப்பு, கவனச் சிதறல், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம், சில சமயம் சாவைப் பற்றிய நினைவு... இவை சேர்ந்து வருவதே மனச்சோர்வு. பரம்பரை, இழப்பு, வறுமை, உடல்நோய் எனக் காரணங்கள் பல. கோழைத்தனம் அதில் ஒன்றல்ல. மருந்தும் ஆலோசனையும் பலன் தரும்.

நான்கு படிகள்

பிறகு ஏன் மருத்துவரிடம் போகத் தயக்கம்? அமெரிக்க உளவியலாளர் பேட்ரிக் காரிகன் சுய இழிவை நான்கு படிகளாக விளக்குகிறார். ஊர் இழிவாக நினைப்பது நமக்குத் தெரிகிறது. 'அது சரிதான்' என்று ஒப்புக்கொள்கிறோம். 'நானும் அப்படித்தான்' என்று நம் மேல் ஒட்டிக்கொள்கிறோம். கடைசியில் தன்மதிப்பு சரிகிறது. அங்கிருந்து பிறப்பதுதான் 'முயற்சி பண்ணி என்ன ஆகப்போகுது?' என்ற கேள்வி. தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்யும் தன்னாற்றல் அத்தோடு முடங்குகிறது.

ஊர் வாயை ஒரே நாளில் மூட முடியாது. ஆனால் இரண்டாவது படியில் காலை எடுத்துவிடலாம். அதற்குத்தான் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தும் எல்லோர் முன்பும் சிரித்து நடிக்க வேண்டியிருந்தால் அது துணை ஆகாது. நடிக்கத் தேவையில்லாத ஒருவர் போதும்.

பாட்டிமார் பெஞ்சு

இதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. 2006இல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், தலைநகர் ஹராரேயில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் மரப்பெஞ்சில் உட்கார வைத்தார். அவர்கள் 'நோய்' என்று ஆரம்பிப்பதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா', அதாவது 'அதிகமாக யோசித்தல்' என்பார்கள். அந்த வார்த்தையில் இழிவு இல்லை! பாட்டி தீர்வு சொல்வதில்லை. 'உன் கஷ்டங்களில் எதை முதலில் எடுக்கலாம்?' என்று கேட்பார். முடிவு வந்தவருடையது. பிறகு, அதே வழியில் வந்தவர்கள் குழுவாகக் கூடி, பை பின்னிக்கொண்டே பேசுவார்கள்.

573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 50 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சுக்கு வந்தவர்களில் சுமார் 14 பேருக்குத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

'லூசு', 'மெண்டல்' என்பதை விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். கேட்கிற ஒருவன் ஒப்புக்கொண்டுவிடுவான். புத்திமதி வேண்டாம், காது கொடுங்கள். மருத்துவமனைக்குக் கூடப் போங்கள். ஆனால் அவனுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். தன் சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொள்ளவும், அது ரகசியமாகக் காக்கப்படவும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல், உடனே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

எங்கள் நண்பன் சிகிச்சைக்குப் போகிறான். இரண்டு அரியர் பாக்கி. இன்னும் சில காலைகளில் எழுந்திருக்க மாட்டான். ஆனால் இப்போது "ஒண்ணுமில்லடா" என்பதில்லை. "இன்னைக்கு முடியலடா, கொஞ்சம் கூட இரு" என்கிறான்.

நாங்கள் இருக்கிறோம்.