மென்டோன் கடற்கரையில் யாருக்கும் வேலை இல்லை

சார்லஸ் காண்டர் 1888இல் வரைந்த 'மென்டோனில் ஒரு விடுமுறை நாள்' என்ற எண்ணெய் வண்ணப் படம் இப்போது அடிலெய்டில், தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பெரிய படமில்லை. அகலம் சுமார் 61 சென்டிமீட்டர், உயரம் 46. ஆஸ்திரேலிய இம்ப்ரஷனிசம் என்று பேச்செடுத்தாலே இதைத்தான் காட்டுவார்கள்.

கண்ணைக் கூசும் வெயில், வெளுத்த மணல். ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிக்கிறாள். ஒருத்தர் கோட்டு சூட்டோடு மணலில் மல்லாந்து கிடக்கிறார். ஒரு சிவப்புக் குடை கிடக்கிறது. பின்னால் குறுக்கே ஒரு மரப்பாலம், அதற்கப்பால் கடல். அவ்வளவுதான். படகு இழுக்கிறவர், வலை உலர்த்துகிறவர், கூடை தூக்குகிறவர் யாரும் இல்லை.

காண்டர் ஊர் ஊராகப் போனவர். 1868இல் லண்டன் பக்கம் பிறந்தார். அப்பா இந்தியாவில் சிவில் இன்ஜினியர், அதனால் சின்ன வயது இங்கேதான். நாலு வயதில் அம்மா இறந்துபோக, பையனை இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1884இல் சிட்னி, நில அளவைத் துறையிலிருந்த சித்தப்பாவிடம். 1888இல் மெல்போர்ன் வந்து டாம் ராபர்ட்ஸ், ஆர்தர் ஸ்ட்ரீட்டன் கூட்டத்தில் சேர்ந்தார். இந்தப் படத்தை வரையும்போது வயது இருபதுதான். பாரிசைக் கண்ணால் பார்த்தது அதற்கு அப்புறம், 1890இல். அதனால் மோனேயிடம் கற்றுக்கொண்டார் என்று சொல்வது சரியில்லை. திறந்த வெளியின் வெளிச்சத்தை அப்படியே பிடிக்கிற ஆசை ராபர்ட்ஸ் வழியாக வந்தது. ஆட்களைத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவில் மணலைச் சும்மா விடுகிற அடுக்கில் விஸ்லரும் ஜப்பானிய அச்சுப் படங்களும் தெரிகின்றன. மறு வருஷம் இவர்கள் சுருட்டுப் பெட்டிப் பலகைகளில் வரைந்து கண்காட்சி வைத்தபோது மெல்போர்ன் விமர்சகர் ஜேம்ஸ் ஸ்மித் திட்டித் தீர்த்தார்.

மென்டோன் என்ற ஊரே அப்போது புதுசு. 1881இல் அந்தப் பக்கம் ரயில் வந்தது. பின்னாலேயே மனை விற்கிறவர்கள் வந்தார்கள். பிரான்சின் தென்கரையில் பணக்காரர்கள் குளிர்காலத்துக்குப் போகும் மான்ட்டோன் என்ற ஊரின் பெயரை எடுத்து இதற்கு வைத்தார்கள். பெயர் வைத்தால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி! படத்தில் இருப்பவர்கள் ரயிலேறி வந்த நகரத்து ஜனங்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் நம்ம ஊரிலும் இது நடந்தது. சென்னை மாகாண கவர்னர் கிராண்ட் டஃப் 1884 வாக்கில் கடற்கரையில் நடைபாதை போட்டு, இத்தாலிய ஞாபகத்தில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். அங்கேயும் கடன் வாங்கிய பெயர், இங்கேயும் கடன் வாங்கிய பெயர். கடற்கரை காற்று வாங்குகிற இடமானது இப்படித்தான்.

எங்கள் மன்னார்குடிப் பக்கத்துக்குக் கடல் ரொம்பத் தூரமில்லை. ஆனாலும் சும்மா கடலுக்குப் போவது பழைய வழக்கமில்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரையில் முழுக்குப் போடுவார்கள், திதி கொடுப்பார்கள். மற்ற நாளில் கடல், வேதாரண்யத்து உப்பளக்காரருக்கும் மீன்பிடிக்கிறவருக்கும் உரியது. சங்கப் பாட்டின் நெய்தலிலும் மீன் காயும், உப்பு விலைபோகும், பிரிந்தவள் இரங்குவாள். குடை விரித்துப் படிக்கிறவள் இல்லை.

ஆக, காண்டரின் மணல் தானாகக் காலியாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதில்லை. கடற்கரை 'காட்சி'யாக வேண்டுமென்றால் அங்கே வேலை செய்கிறவர் சட்டகத்துக்கு வெளியே போகவேண்டும். ஓவியன் அதைத் தூரிகையால் செய்கிறான், யாருக்கும் காயமில்லை. 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போனார்கள். மோதலாகி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை அப்போதும் அதே கடற்கரைச் சாலையில்தான் நின்றது.