கனக்கும் மிதி

மாணவர்களே, சரிவில் இறங்கும் காரின் பிரேக் மிதி கல்லாய்க் கனத்தால், திரவம் வற்றியதென்று எண்ணிவிடாதீர்கள். வற்றினால் மிதி தொய்ந்துவிடுமே! மிதிக்கு முன்னுள்ள வட்டப் பெட்டிக்குள் ஒரு சவ்வு உண்டு. அதன் ஒருபுறக் காற்றை எஞ்சின் உறிஞ்ச, மறுபுறம் வெளிக்காற்று அழுத்தி நம் காலுக்குத் துணைசெய்கிறது. அத்துணை குன்றியதோ என்று அறிய, சமதரையில் எஞ்சினை நிறுத்தி, மிதியை ஐந்தாறு முறை அழுத்துங்கள். மீந்திருந்த வெற்றிடம் தீர்ந்து மிதி இறுகும். காலை எடுக்காமலே எஞ்சினை இயக்குங்கள். மிதி சற்றே தாழவேண்டும்.

தாழவில்லையா? வெற்றிடமானியைப் பொருத்துங்கள். பெட்ரோல் எஞ்சின் நிதானமாக ஓடுகையில், கடல்மட்டத்தில் அது சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். எஞ்சினருகே சரியாயிருந்து, பெட்டியருகே குறைந்தால், இடையிலுள்ள ரப்பர்க் குழாயோ ஒருவழி வால்வோ பழுது. ஈரிடத்தும் குறைந்தால் குறை எஞ்சினிடத்தே. ஈரிடத்தும் சரியென்றால் சவ்வையே ஐயுறவேண்டும். டீசல் வண்டிகளில் பெரும்பாலும் தனிப் பம்பே வெற்றிடம் தருகிறது. அங்கே சோதனை பம்பிலிருந்து தொடங்கும்.