உங்களுக்குத் தெரியுமா? சந்தனத்துக்கு அண்டை வேண்டும்

மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் மரத்தை வெட்டினால் கட்டை நொடியில் பைக்குள் வந்துவிடும். சந்தனத்துக்குப் பேர்போன ஜவ்வாது மலையில் அந்தக் கணக்குச் செல்லாது. விளையாட்டிலும் கன்று நட்டால்தானே அடுத்த மரம் என்பீர்கள், நியாயம்தான். ஆனால் அங்கே பெரும்பாலான கன்றுகள் தனித்தே வளர்ந்துவிடும். சந்தனமோ அரை ஒட்டுண்ணி. இலையில் உணவு தயாரித்தாலும், பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைப் பதித்து நீரும் தாது உப்பும் உறிஞ்சும். துணையின்றி நெடுநாள் செழிக்காது. மணக்கும் வைரக்கட்டை முற்றவோ பல ஆண்டுகள் வேண்டும். வேரிலும் எண்ணெய் உண்டென்பதால் முதிர்ந்த மரத்தை வேரோடு பெயர்ப்பதே வழக்கம். அந்த இடத்தில் நடும் புதுக்கன்றுக்கும் அண்டைச் செடி வேண்டும். ஆகவே சந்தனத்தை மட்டும் எண்ணிக் காவல் காப்பது பாதிக் காவல்தான். விலைபோகாத சுற்றுப்புதரை விறகென்று அழித்துவிட்டால், நட்ட கன்றும் நலிந்துபோகும்.