கப்பல் பயணமும் கைகழுவும் பழக்கமும்

குடும்பத்தோடு கப்பலில் விடுமுறையைக் கழிப்பது, சில ஆண்டுகளுக்கு முன்புவரை நடுத்தரக் குடும்பங்களின் எண்ணத்திலேயே இடம்பெறாத ஒன்று. இன்று மும்பையிலிருந்து கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் சொகுசுக் கப்பல்கள் செல்கின்றன. இத்தகைய பயணத்துக்கெனத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கும் வாடிக்கையாளர்களை எங்கள் கிளையிலேயே காண்கிறோம். கட்டணத்தைப் பற்றிப் பேசி முடித்தபின், அவர்களுள் சிலர் சற்றுத் தயங்கி வேறொன்றையும் கேட்பதுண்டு: “கப்பலில் வாந்தியும் பேதியும் பரவும் என்கிறார்களே, குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?”

நீரிழிவு நோயுள்ள எழுபத்தொரு வயது அம்மாவையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, மும்பையிலிருந்து லட்சத்தீவுக்குப் புறப்பட்டபோது எங்களுக்கும் அதே கவலை இருந்தது. அப்பயணத்தில் நாங்கள் கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

அச்சத்தின் அளவு

இக்கவலைக்குப் பெரும்பாலும் காரணமாவது நோரோவைரஸ். 1968 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள நார்வாக் நகரில் பரவிய வயிற்று நோயே இதற்குப் பெயர் தந்தது. அது பரவிய இடம் கப்பலன்று, ஒரு பள்ளிக்கூடம். நம் நாட்டிலும் 2021 ஆம் ஆண்டு கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் கல்லூரி மாணவர்களிடையே இது கண்டறியப்பட்டது. விடுதி, பள்ளி, திருமண மண்டபம், மருத்துவமனை எனப் பலர் கூடி உண்ணும் எவ்விடத்திலும் இது பரவக்கூடும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, அந்நாட்டில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு ஏறத்தாழ 1 விழுக்காடுதான். ஆயினும் செய்திகளில் கப்பல்களே முன்னிற்கின்றன. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்கள் வயிற்றுநோய் கண்டோரைக் கணக்கெடுத்து அறிவித்தாக வேண்டும் என்பது இதற்கு ஒரு காரணம். திருமண விருந்துக்குப் பின் எத்தனை பேர் படுத்தார்கள் என்று எவரும் கணக்கெடுப்பதில்லை.

அதற்காகக் கவலையே வேண்டாம் என்று சொல்லவும் இயலாது. மிகச் சில நுண்துகள்களே நோயை உண்டாக்கப் போதுமானவை. படிக்கட்டின் கைப்பிடியும், உணவுக் கூடத்தில் பலர் கை மாறும் கரண்டியும் அவற்றைச் சுமக்கின்றன. தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். பெரும்பாலோர்க்கு 1 முதல் 3 நாள்களில் தணியும். ஆனால் முதியோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் உடலின் நீர் வற்றுவதே பேராபத்து.

சோப்பே காவல்

கைக்கிருமிநாசினிப் புட்டிகள் பலவற்றை நாங்கள் பையில் அடுக்கியிருந்தோம். நோரோவைரசுக்கு அவை போதா. கொரோனா வைரசுக்குக் கொழுப்பாலான வெளியுறை உண்டு. சாராயம் கலந்த நீர்மம் அதைச் சிதைத்துவிடும். நோரோவைரசுக்கு அவ்வுறை இல்லை. ஆகவே சோப்பிட்டு, ஓடும் நீரில் 20 நொடிகளேனும் தேய்த்துக் கழுவி, வைரசைக் கையிலிருந்து அகற்றுவதே சிறந்த வழி. உண்பதற்கு முன்னும் கழிப்பறைக்குச் சென்று வந்த பின்னும் இதைத் தவறவிடலாகாது.

அந்த இரவு

பயணத்தின் இரண்டாம் இரவு, மகள் எழுந்து வாந்தியெடுத்தாள். விடிவதற்குள் மூன்று முறை பேதி ஆயிற்று. மறுநாள் லட்சத்தீவில் இறங்கும் நாள். மாதக்கணக்கில் அவள் நாள் எண்ணிக் காத்திருந்த நாள். மருத்துவரிடம் சொன்னால் அறையிலேயே இருக்கச் சொல்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். காலைவரை பொறுத்துப் பார்க்கலாமா, எவரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று தயங்கினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

தயக்கத்தைத் தீர்த்து வைத்தவர் அம்மா. “இது இன்னொரு வீட்டுப் பெரியவங்களுக்கு ஒட்டிக்கிட்டா அவங்க தாங்குவாங்களா? போய்ச் சொல்லிடுங்க” என்றார்.

சொன்னோம். வந்த மருத்துவர், எந்த வைரஸ் என்று அங்கே உறுதிசெய்ய இயலாவிடினும் தொற்றாகவே கருதவேண்டும் என்றார். மகள் அறைக்குள்ளேயே இருந்தாள். எங்களில் ஒருவர் அவளுடனும், மற்றவர் அம்மாவுடன் வேறு அறையிலும் தங்கினோம். பணியாளர்கள் கையுறை அணிந்து, குளோரின் கரைசலால் அறையைத் துடைத்தனர். தீவைச் சூழ்ந்த பச்சைநிற நீரைச் சன்னல் வழியாகவே மகள் பார்த்தாள். அழுதாள், பின்பு உறங்கினாள். அம்மாவுக்கு எதுவும் நேரவில்லை. கப்பலிலும் வேறு எவரும் நோயுற்றதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

தொலைந்த பற்று அட்டையை உடனே தெரிவித்தால் இழப்பு பெருகாது என்று வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் சொல்லி வருகிறோம். நோய்க்கும் அதுவே பொருந்தும் என்பதை அன்று உணர்ந்தோம்.

ஒரு பொட்டலத்தின் வரலாறு

மகளைத் தேற்றியது ஓ.ஆர்.எஸ். கரைசலே. 1971 ஆம் ஆண்டு மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்புவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். இறப்பு வெகுவாகக் குறைந்தது. 2023 ஆம் ஆண்டு, அவர் மறைவுக்குப் பின், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. சில ரூபாய் விலையுள்ள அப்பொட்டலம் ஒவ்வொரு பயணப் பையிலும் இருக்க வேண்டும். உறையில் குறித்துள்ள அளவு நீரிலேயே கரைத்து, சிறிது சிறிதாகப் பருகத் தர வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ உடனே மருத்துவரை நாட வேண்டும்.

புறப்படுமுன் கவனிக்க

கப்பல் மருத்துவரின் கட்டணம் எங்கள் அறைக் கணக்கில் சேர்க்கப்பட்டது. வழக்கமான மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் 24 மணி நேர உள்நோயாளிச் சிகிச்சைக்கே பொருந்துவதால், அத்தொகையைக் கோர இயலவில்லை. ஆகவே, பயணக் காப்பீடு எடுக்குமுன் மூன்றைக் கேட்டறிவது நலம்: கப்பலில் பெறும் புறநோயாளிச் சிகிச்சைக்கு ஈடு உண்டா? பயணம் தடைப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? முன்பே உள்ள நோய்களுக்கு விலக்கு உண்டா? பயணச் செலவுக்கு ஒதுக்கியது போக, அவசரத் தேவைக்கென ஒரு தொகையையும் சேமிப்புக் கணக்கில் வைத்திருப்பது நன்று.

நோய் தணிந்த பின்னும் இரண்டு நாள்கள் பிறருக்குச் சமைப்பதையும் பள்ளிக்கு அனுப்புவதையும் தவிர்க்க வேண்டும். வைரஸ் அதற்குப் பின்னும் உடலிலிருந்து வெளியேறக்கூடுமாதலால், கைகழுவுவதைத் தொடர வேண்டும்.

எங்கள் மகள் லட்சத்தீவின் மணலில் இன்னும் கால் பதிக்கவில்லை. அதற்கென மற்றொரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கியிருக்கிறோம். இம்முறை பையில் முதலில் வைக்கவிருப்பவை ஒரு சோப்புக் கட்டியும் நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும்.