விளைவு திரும்பி வரும் வழி

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திற்கு வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகள் இருந்தன. 1950களில் அவற்றின் மேலாளர்களை ஒரு புதிர் வாட்டியது. ஒரு காலத்தில் மூன்று, நான்கு ஷிப்டுகள் வேலை நடக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் தொழிலாளருள் பாதிப்பேர் வேலையிழந்து நிற்பர். சந்தையின் ஏற்ற இறக்கமே இதற்குக் காரணம் என்பது எளிய விளக்கம். ஆனால், அவ்விளக்கம் மேலாளர்களுக்கே நிறைவளிக்கவில்லை.

ஜே ஃபாரெஸ்டர் என்பவர் மின்பொறியாளர். கணினி உருவாக்கத்தில் பேர்பெற்றவர். 1956இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மேலாண்மைப் பள்ளியில் சேர்ந்திருந்தார். அவர் சந்தையை ஆராயப் புகவில்லை. ஆட்களைச் சேர்க்கும் முடிவும் சரக்கிருப்பைப் பற்றிய முடிவும் எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்று மட்டும் கேட்டறிந்தார். பின்னர்க் குறிப்பேட்டின் தாளொன்றில் இருப்பு, தொழிலாளர், கொள்முதல் ஆணை எனப் பத்திகள் வரைந்து, வாரம் வாரமாகப் பென்சிலால் கணக்கிட்டார். வெளியிலிருந்து வரும் ஆணைகள் மாறாமல் ஒரே அளவில் இருந்தாலும் தொழிலாளர் எண்ணிக்கை ஏறி இறங்கக்கூடும் என்று அக்கணக்கு காட்டியது. அலை வெளியிலிருந்து வந்து மோதவில்லை. தொழிற்சாலையின் முடிவுகளே அதனை எழுப்பின.

இஃது எவ்வாறு நிகழும்? கிடங்கில் இருப்புக் குறைகிறது; மேலாளர் ஆட்களைச் சேர்க்கிறார். புதியவர்கள் வேலை பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இருப்பு உயராததால், சேர்த்தது போதவில்லை என்று கருதி மேலும் பலரைச் சேர்க்கிறார். அனைவரும் வேலை பழகியபின் கிடங்கு நிரம்பி வழிகிறது. இப்போது ஆட்குறைப்பு தொடங்குகிறது. அதுவும் அளவு கடக்கிறது. இதில் எவரும் அறிவின்றி நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு முடிவும் அந்தந்த நாளில் சரியானதே. முடிவின் விளைவு முடிவெடுத்தவரிடமே திரும்பி வருவதைப் பின்னூட்டம் என்பர். அது வந்து சேர எடுக்கும் இடைவெளி காலத்தாழ்வு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையே அமைப்புச் சிந்தனை. ஃபாரெஸ்டர் 1961இல் ‘இன்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்’ என்னும் நூலில் இதனை விரித்துரைத்தார்.

தொழிற்சாலைக்கு உரிய இக்கணக்கு மாணவர் ஒருவரின் மேசைக்கும் பொருந்தும். காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவி, இரவு ஒரு மணிவரை படிப்பதென்று முடிவு செய்கிறாள். உறக்கம் குறைகிறது, மறுநாள் வகுப்பில் கவனம் சிதறுகிறது. வகுப்பில் விளங்காததை வீட்டில் மீண்டும் படிக்க வேண்டியிருப்பதால் இரவு இன்னும் நீள்கிறது. படித்ததை நினைவில் நிலைநிறுத்தும் பணியும் உறக்கத்தின்போதுதான் பெரிதும் நடைபெறுகிறது. ஆகவே, முயற்சி கூடக்கூடப் பயன் குறைகிறது. தன் உழைப்புப் போதவில்லை என்றே அவள் நினைக்கிறாள். வீட்டாரும் அவ்வாறே சொல்வர். சுழலைக் காண்பவர் எவரும் இலர்.

பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. தேர்ச்சி குறைந்தால் மாலைச் சிறப்பு வகுப்பு, அதனால் களைப்பு, மாணவர்க்குத் தாமே படிக்கும் நேரமும் ஆசிரியர்க்குப் பாடம் ஆயத்தம் செய்யும் நேரமும் சுருங்குதல், அதன்பின் காலையிலும் ஒரு சிறப்பு வகுப்பு!

அம்மாணவிக்கு ‘இருபது மதிப்பெண் கூடுதலாக’ என்ற இலக்கு மட்டும் உதவாது. அன்றன்று நடந்த பாடத்தை அன்று மாலையே அரைமணி நேரம் திருப்பிப் பார்த்து, பத்து மணிக்கு உறங்கினால் சுழல் எதிர்த்திசையில் திரும்பும். இங்கும் காலத்தாழ்வு உண்டு. முதல் வாரத் தேர்வில் மதிப்பெண் உயராமற் போகலாம். சற்றுக் குறையவும் கூடும். புதிய முறை பெரும்பாலும் கைவிடப்படுவது அந்த வாரத்தில்தான். அப்போது மதிப்பெண்ணை நோக்காமல், வகுப்பில் விளங்காமற்போன இடங்கள் எத்தனை என்று நாள்தோறும் குறித்துவருவது நல்லது. மாற்றம் முதலில் தென்படுவது அந்த எண்ணில்தான். மதிப்பெண் பட்டியலுக்கு அது வந்து சேர அரையாண்டுத் தேர்வு வரை ஆகலாம்.